ஒரே பெயரில் இரண்டு வரிகள்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு அது தொடங்கியது. அந்த நிமிடத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது. பெரம்பலூர் ஆபீஸில் என் மேசையில் உட்கார்ந்து, மகளின் பள்ளியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனையாம். கண்ணுக்கு என்ன, ஏதாவது கண்டுபிடித்திருக்கிறார்களா, எதற்குத் திடீரென்று பரிசோதனை என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் எழுதிய நிரல் வேறொரு வீட்டுக் குழந்தையை அழித்துவிட்டது. குழந்தையை என்றால் குழந்தையின் பதிவை. எங்கள் வேலையில் இரண்டுக்கும் அதிக தூரம் இல்லை.

எங்களுக்கு அது தெரியவந்தது அடுத்த புதன்கிழமை.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகள். அவளும் கணினி படித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். போன மாதம் போனில், "அம்மா, நீ வருஷக்கணக்கா உக்காந்து எழுதுன ஃபார்மெல்லாம் இப்ப ஏ.ஐ. டூல்கிட்ட ரெண்டு வரி சொன்னா அதுவே எழுதிக் குடுத்துடுது. தாய் பதிவு, பிள்ளைப் பதிவு, எல்லாம் சேத்து" என்றாள். "நல்லதுதான். ஒரே பேர்ல ரெண்டு பிள்ளை வந்தா அது என்ன பண்ணும்?" என்று கேட்டேன். "அப்படியெல்லாம் யாரும்மா குடுப்பாங்க?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்று முழுவதும் வீட்டு வேலை ஓடவில்லை. எழுதிவிடலாம் என்று தோன்றியது.

படித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியில் கிளீனர். நான் கணிதம் படித்தேன், தட்டச்சு படித்தேன், பிறகு தபால் வழியில் எம்.சி.ஏ. எங்கள் குடும்பத்தில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான். முதல் நாள் வேலைக்குப் போனபோது அப்பா பஸ் நிறுத்தம் வரை வந்து, "பாத்துப் பண்ணும்மா, அது கல்லு இல்ல, விழுந்தா எடுத்துப் போட" என்றார். அவருக்குக் கணினி என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வேலை கிடைத்தது ஒரு அறக்கட்டளையில். பெரம்பலூர், அரியலூர் ஊர்களில் உள்ள சிறு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இலவசமாக ரத்தப் பரிசோதனை செய்து கொடுப்பார்கள். பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் ஒரு குத்து. வரும் சொட்டை ஒரு தாள் அட்டையில் ஒற்றி எடுத்து, காயவைத்து, எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முக்கியமாகப் பார்ப்பது தைராய்டு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்தச் சுரப்பு இருக்காது. பார்த்தால் தெரியாது; கொஞ்சம் அதிகமாகத் தூங்கும், குறைவாக அழும், அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்துவிடும். தவறினால் மூளை வளர்ச்சி நின்று போகும்; பிறகு என்ன கொடுத்தாலும் போனது போனதுதான்.

அந்தப் பதிவுகளுக்கான ஃபார்ம்களை பி.எச்.பி. என்ற நிரல்மொழியில், பிரேம்வொர்க் என்ற ஆயத்தச் சட்டகம் ஒன்றை வைத்து எழுதுவது என் வேலை. ஃபார்மில் மேலே தாயின் விவரம்: பெயர், கணவர் பெயர், முகவரி, போன். கீழே குழந்தைக்கு ஒரு வரி: பெயர், ஆணா பெண்ணா, பிறந்த நேரம், அட்டை எண். 'சேமி' என்ற பட்டனை அழுத்தினால் தாய் ஓர் அட்டவணையிலும் பிள்ளைகள் இன்னோர் அட்டவணையிலும் போய் உட்கார வேண்டும். எந்தப் பிள்ளை எந்தத் தாயுடையது என்பது தாயின் பதிவு எண்ணால் பிணைந்திருக்க வேண்டும். பிள்ளையின் பதிவுக்குக் கீழே அதன் பரிசோதனை முடிவு. பிரேம்வொர்க் இதையெல்லாம் தானே செய்துவிடும் என்று புத்தகத்தில் நான்கே வரியில் போட்டிருப்பார்கள். அந்த நான்கு வரியில்தான் என் இருபது ஆண்டும் போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை.

என் மேலதிகாரி ஜமால் சார். ஒரு பெரிய மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது. ஒரு விரலால் தட்டச்சு செய்வார். கண்ணாடியைக் கறுப்பு நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஆனால் அவர் பார்க்காமல் ஒரு ஃபார்மும் வெளியே போகாது. தப்பு என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "மேடம், இங்க ஒரு கல்லு இருக்கு" என்பார், சோற்றில் கடிபட்டதைப் போல.

அவருக்கு ஒரு முறை இருந்தது. புது ஃபார்மை ஆறு விதமாக நிரப்பிப் பார்ப்பார். முதலில் எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்புவார். அடுத்து ஒன்றுமே எழுதாமல் சேமிப்பார். மூன்றாவதாக, பாதியில் விட்டுவிட்டுப் போய் தேநீர் குடித்துவிட்டு வந்து தொடர்வார். நான்காவது, பட்டனை இரண்டு மூன்று தடவை அழுத்துவார். ஐந்தாவது, மூன்று பிள்ளைகளை எழுதி நடுப்பிள்ளையின் வரியை நீக்குவார். ஆறாவது, ஒரே தாயின் ஃபார்மை இரண்டு கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாகத் திருத்துவார். சும்மா செய்ய மாட்டார். "இப்ப நான் டியூட்டி முடிஞ்சு பஸ்ஸுக்கு ஓடுற சிஸ்டர்" என்று அறிவித்துவிட்டுப் படபடவென்று அழுத்துவார்.

பட்டனைப் பல தடவை அழுத்தும் அந்த நான்காவது விதம் சேர்ந்தது வேப்பந்தட்டையில் நடந்த ஒன்றால். அங்கே சிக்னல் மெதுவாக இருந்த ஒரு நாள், ஒரு சிஸ்டர் 'சேமி'யை ஏழு தடவை அழுத்திவிட்டார். ஏழு தாய், ஏழு பிள்ளை, எல்லாம் ஒரே ஆள். ஜமால் சார் திரையைப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார். "ஒரு மணி நேரத்துல ஏழு பிரசவம். அந்தம்மா சுகமா இருக்காங்களா மேடம்?"

இன்னொரு முறை தாய் பதிவாகி, பிள்ளையின் வரியில் ஏதோ பிழை என்று பிள்ளை பதிவாகாமல் நின்றது. அட்டவணையில் பிள்ளையில்லாத தாய். அவர் சொன்னார், "கடைசி ஆள் ஏறுறதுக்குள்ள விசில் ஊதக் கூடாது மேடம். புள்ள கீழ நிக்குது, ஆத்தா பஸ்ல போயிட்டா. என்னா கண்டக்டர் நீங்க?" எல்லாம் சேர்ந்து பதிவாக வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே பதிவாகக் கூடாது என்ற விதியை எத்தனையோ புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த விசிலுக்குப் பிறகு ஒரு நாளும் மறக்கவில்லை.

அவர் பிடிவாதமாகச் செய்ய வைத்த மற்றொன்று எனக்குப் பிடிக்காதது. ஃபார்ம் எங்கிருந்து வந்தாலும், அதைப் பிரித்து அட்டவணைகளில் போடுவதற்கு முன், வந்ததை வந்தபடியே முழுதாக ஓரிடத்தில் போட்டு வைக்க வேண்டும். நேரத்தோடு. அதை யாரும் தொடக் கூடாது. "கடுதாசியப் படிச்சுட்டு உறையைக் கிழிச்சுப் போடாதீங்க. என்னைக்காவது என்ன எழுதியிருந்துச்சுன்னு சண்டை வரும்" என்பார். இடம் வீண், வேகம் குறையும் என்று நான் வாதாடினேன். அவர் கேட்கவில்லை. நாங்கள் அதைக் கடுதாசிப் பெட்டி என்றே கூப்பிட்டோம்.

இப்போது அந்த வாரத்துக்கு வருகிறேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கைபேசி ஃபார்மை வெளியிட்டிருந்தோம். கிராமங்களுக்குப் போகும் சிஸ்டர்கள் கைபேசியிலேயே பதிவைத் திறந்து திருத்தலாம்; சிக்னல் இல்லாத ஊரில் நிரப்பிவைத்தால் சிக்னல் வந்ததும் தானே போய்ச் சேரும். முழுக்க நான் எழுதியது. பெருமை தாங்கவில்லை. எங்கள் ஆபீஸ் கணினி ஃபார்மில் ஒவ்வொரு பிள்ளை வரிக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் அந்தப் பிள்ளையின் பதிவு எண் ஒளிந்திருக்கும். வரி திரும்பி வரும்போது இது இன்ன பிள்ளை என்று அந்த எண் சொல்லும். கைபேசியில் புதிதாக எழுதும் பிள்ளைக்கு அந்த எண் இன்னும் பிறந்திருக்காது அல்லவா? அதனால் ஒரு சுருக்குவழி செய்தேன். எண்ணே வேண்டாம். தாய் யார், பிள்ளையின் பெயர் என்ன, பிறந்த நாள் என்ன என்று பார். அப்படி ஒரு பிள்ளை ஏற்கனவே இருந்தால் அதையே திருத்து. இல்லையென்றால் புதிதாகச் சேர். ஃபார்மில் வராத பிள்ளை இருந்தால் அதை நீக்கிவிடு.

அந்த நேரத்தில் ஜமால் சார் கண்புரை அறுவைக்குத் திருச்சி போயிருந்தார். ஆறு விதத்தையும் நானே செய்து பார்த்தேன். கவிதா, குமார், கண்ணன் என்று மூன்று பிள்ளைகள் எழுதினேன். எல்லாம் தேறியது. என் சோதனைப் பிள்ளைகளுக்கெல்லாம் அழகழகான, வேறு வேறு பெயர்கள்.

பிறந்து ஒரு வாரமான பிள்ளைக்கு எங்கள் ஊர்களில் ஏது பெயர்? ஜோசியம் பார்த்து, எழுத்துக் கிடைத்து, முப்பது கழிந்துதான் பெயர் வைப்பார்கள். அதுவரை பாப்பா. என் மகளே இரண்டரை மாதம் பாப்பாதான். அவளுடைய தடுப்பூசி அட்டையில் இன்றைக்கும் 'பாப்பா' என்றுதான் இருக்கிறது. அதை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கும் எனக்கே இது தோன்றவில்லை.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வகத்திலிருந்து மங்கை சிஸ்டர் மேலே ஏறி வந்தார். அவர்தான் முடிவுகளைப் பதிகிறவர். சரியாக இருந்தால் பச்சை. மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்த பெயர்கள் மறுநாள் காலை பத்தரைக்குப் பட்டியலாக வரும். அதைப் பார்த்து வீட்டுக்குப் போன் செய்வார்கள். மங்கை சிஸ்டர் தன் தங்கையின் வளைகாப்புக்கு லீவில் போய்விட்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார்.

"கலா மேடம், போன வியாழக்கிழமை சாயந்தரம் ஒரு ரெட்டைப் புள்ளைக்குப் போட்டேன். ஒண்ணு பச்சை, ஒண்ணு சிவப்பு. இன்னும் ரெண்டாவது ரத்தம் வரலையேன்னு பாத்தா, அந்த அட்டை நம்பர் பச்சையா இருக்கு. நீங்க எதாச்சும் மாத்துனீங்களா?"

"நான் ஏன் மாத்துறேன்? நீங்க பாத்துப் போட்டீங்களா?"

"என் நோட்ல இருக்கு. பதினெட்டு, சிவப்பு. எனக்கென்ன பைத்தியமா?"

நோட்டை நீட்டினார். அட்டை எண்களின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் எழுதியிருந்தார்: பதினேழுக்கு எதிரே பச்சை, பதினெட்டுக்கு எதிரே சிவப்பு. நான் தாயின் பதிவைத் திறந்தேன். செல்வராணி. இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்றவர். திரையில் ஒரே ஒரு குழந்தை இருந்தது. பெயர் பாப்பா, அட்டை எண் பதினெட்டு, பச்சை. பதினேழைக் காணவில்லை.

கடுதாசிப் பெட்டியைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு, கைபேசி ஃபார்மிலிருந்து ஒரு கடுதாசி. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய செல்வராணியின் முகவரியை, கிராமங்களுக்குப் போகும் எங்கள் விஜயா சிஸ்டர் மாற்றியிருக்கிறார். அவ்வளவுதான். ஆனால் அதோடு பிள்ளை வரிகள் இரண்டும் சேர்ந்து வந்திருந்தன. முதல் வரி, பாப்பா, பெண், பதினேழு. இரண்டாவது வரி, பாப்பா, பெண், பதினெட்டு. ஒரே தாய், ஒரே பெயர், ஒரே பிறந்த நாள்.

என் நிரல் முதல் வரிக்குப் போய்ப் பாப்பாவைத் தேடியது, மூத்தவள் கிடைத்தாள். இரண்டாவது வரிக்கும் பாப்பாவைத் தேடியது. மறுபடியும் மூத்தவளே கிடைத்தாள். அவள் மேல் தங்கையின் அட்டை எண்ணை எழுதியது. பிறகு, இந்தக் குடும்பத்தில் இன்னொரு பிள்ளை ஃபார்மில் வரவில்லையே என்று தங்கையை நீக்கிவிட்டது. தங்கையோடு அவளுடைய சிவப்பும் போயிற்று. நாற்பது நிமிடம் கழித்துப் பட்டியல் வந்தபோது அதில் அவள் இல்லை. திரையில் இருந்தது அக்காவின் பச்சை, தங்கையின் எண்ணோடு.

எங்கும் பிழைச் செய்தி இல்லை. எல்லாரும் ஏறியாயிற்று என்று விசில் ஊதித்தான் பஸ் போயிருக்கிறது.

மங்கை சிஸ்டர் விரல் விட்டு எண்ணினார். "இன்னையோட பன்னெண்டு நாள் மேடம்."

ஜமால் சார், அந்த வாரம்தான் இரண்டாவது கண்ணுக்கும் அறுவை முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு தன் அறையில் இருந்தார். நான் போய் நின்றேன். "சார், ஒரு பிள்ளையை அழிச்சுட்டேன்" என்றேன். அழுதும்விட்டேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டார். யார் செய்தது, ஏன் செய்தது என்று ஒரு கேள்வியும் இல்லை.

"இது மாதிரி வேற எத்தனை வூட்ல?"

"தெரியல சார்."

"அதை எண்ணணும். ஆனா முதல்ல அந்தப் புள்ள. அழுறத சாயந்தரம் வெச்சுக்குங்க."

முகவரியைப் பார்த்தோம். 'அம்மா வீடு, வேப்பந்தட்டை தாலுகா' என்று இருந்தது. அவ்வளவுதான். விஜயா சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

"ஆமா மேடம், எங்க போறீங்கன்னு கேட்டேன். அம்மா வூட்டுக்குன்னுச்சு. ஊரு கேக்கறதுக்குள்ள வண்டி வந்துடுச்சு, ஏறிட்டாங்க."

"யார் அம்மா வீடுங்க?"

"அந்தப் பொண்ணோட அம்மா வூடு."

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன தகுதி? பதிவில் இருந்தது கணவரின் போன் எண். அவர் போர்வெல் வண்டியோடு வடக்கே எங்கோ இருந்தார், போன் அணைந்திருந்தது. பழைய முகவரி மேல் புது முகவரி எழுதப்பட்டுவிட்டதால் அட்டவணையில் அதுவும் இல்லை.

மறுபடி கடுதாசிப் பெட்டிக்கே போனேன். பிரசவத்துக்குச் சேர்த்த அன்று மருத்துவமனையிலிருந்து வந்த முதல் கடுதாசி அப்படியே இருந்தது. ஊர் கல்லங்குறிச்சிக்குப் பக்கம். உடன் இருப்பவர், மாமியார். அதற்கு எதிரே ஒரு போன் எண். வீண், வீண் என்று நான் இரண்டு வருடம் சண்டை போட்ட பெட்டி அது.

"யாரு?" என்றார் மாமியார்.

"பெரம்பலூர்லேருந்து பேசுறேங்கம்மா. செல்வராணி..."

"லோனெல்லாம் ஒண்ணும் வேணாம்." வைத்துவிட்டார்.

மறுபடி போட்டேன். "லோன் இல்லீங்கம்மா. குழந்தைக்குக் குதிகால்ல ரத்தம் எடுத்தாங்கள்ல, அந்த ஆபீஸ். உங்க பேத்தி விஷயமா."

குரல் மாறியது. "எந்தப் பேத்தி? பெரிய பாப்பாவா, சின்னப் பாப்பாவா?"

நான் திரையில் இரண்டு பேரும் பிறந்த நேரத்தைத் தேடிப் பார்த்தேன். அந்த வீட்டில் யாருக்கும் குழப்பம் இல்லை. ஒருத்தி பெரிய பாப்பா, ஒருத்தி சின்னப் பாப்பா. எங்கள் ஃபார்மில்தான் அதை எழுத இடம் இல்லை.

"ஏம்மா, எதுக்குன்னு தெரியாமயா போனு போட்ட?"

"சின்னப் பாப்பாங்க. மறுபடி ஒரு தடவை ரத்தம் பாக்கணும். உடனே. அவங்க எந்த ஊர்ல இருக்காங்க?"

"அரும்பாவூர்ல அவ ஆத்தா வூட்ல. நான் இங்கயே இருடின்னேன். சிசேரியன் பண்ணுன ஒடம்பு, நான் பாத்துக்க மாட்டனா? கேட்டாளா? அவ அண்ணன் சாமி செலை செதுக்குற பட்டறை வெச்சிருக்கான். பேரு முருகேசன். யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "புள்ளைக்கு என்னம்மா?"

"சரி பண்ணிடலாங்கம்மா" என்றேன். அந்தச் சொல்லுக்கு நான் என்ன பொறுப்பு ஏற்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொன்னேன்.

விஜயா சிஸ்டர் அப்போதே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அரும்பாவூர் போனார். இரண்டு மூன்று பட்டறை விசாரித்து முருகேசன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது, பச்சைப் பிள்ளைகளை இந்நேரத்தில் வாசல் தாண்ட விட மாட்டோம், காலையில் முதல் வேலையாக வருகிறோம் என்றார்களாம். "சத்தியம் வாங்கிட்டுத்தான் வந்தேன் மேடம்" என்றார் போனில். "பத்து மணிக்கு வர்றாங்க."

அதுவரை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கைபேசி ஃபார்மை நிறுத்திவிட்டு, இரண்டு மாதத்துக் கடுதாசிகளையும் ஒவ்வொன்றாக அட்டவணையோடு ஒப்பிட்டேன். மங்கை சிஸ்டர் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தார். ஜமால் சாருக்குத் திரையைப் பார்க்க டாக்டர் தடை. அவர் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அடுத்தது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று வீட்டு இரட்டையர் அதே போல் ஒருவராகியிருந்தார்கள். மூன்று வீட்டிலும் எல்லாம் பச்சை. மூன்றாவதைப் பார்த்து முடித்ததும் அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மங்கை சிஸ்டர் "அப்பா முருகா" என்றார்.

பிறகு நான் செய்ததை இன்றும் பெருமையோடு சொல்வேன். பெயரை வைத்துப் பிள்ளையைத் தேடும் சுருக்குவழியைப் பிடுங்கி எறிந்தேன். கைபேசியில் புதிதாக எழுதும் பிள்ளைக்கும் அந்தக் கைபேசியே ஓர் எண் கொடுத்து அனுப்பும்படி மாற்றினேன். ஃபார்மில் வராத பிள்ளை என்பதற்காக எந்தப் பிள்ளையும் நீங்காது. நீக்க வேண்டும் என்றால் ஒரு மனிதர் காரணம் எழுதி நீக்க வேண்டும். பிள்ளை வரியில் பிறந்த வரிசைக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். அதில் முதல், இரண்டு என்று போடவில்லை. பெரிய பாப்பா, சின்னப் பாப்பா என்றே போட்டேன். மேலிடத்தில் யாரோ இது என்ன மொழி என்று கேட்டார்களாம். ஜமால் சார், "வூட்ல பேசுற மொழி" என்று பதில் அனுப்பினார். ஆறு விதம் ஏழு விதமாயிற்று. எனக்குப் பின் வந்தவர்கள் அதைப் பாப்பா டெஸ்ட் என்கிறார்கள். அதன் பிறகு நான் வேலையை விடும் வரை எங்கள் பட்டியலில் ஒரு பிள்ளையும் தொலையவில்லை. ஆபீஸ் ஆயத்த மென்பொருளுக்கு மாறி, ஐம்பத்திரண்டு வயதில் நானாகவே விலகிக்கொண்டபோது, புதியவர்களிடம் நான் முதலில் கேட்டதும் அதைத்தான். ஒரே பெயரில் இரண்டு வரி போட்டுப் பார்த்தீர்களா?

இதையும் சொல்லிவிடுகிறேன். சின்னப் பாப்பா இப்போது மூன்றாம் வகுப்பு. தினமும் ஒரு மாத்திரை. வகுப்பில் வாய் ஓயாது என்று மங்கை சிஸ்டர் சொல்வார். எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. ஆனாலும் என் மகள் போனில் சிரித்த அன்று எனக்கு அந்தப் புதனுக்கு மறுநாள், வியாழக்கிழமைக் காலைதான் நினைவுக்கு வந்தது.

பத்து மணி என்றார்கள். நான் ஒன்பதுக்கே வாசலில் இருந்தேன். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. மங்கை சிஸ்டர் ஊசியும் பஞ்சும் எடுத்து வைத்துவிட்டு இரண்டு தடவை கை கழுவினார். முருகேசனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மனம் மாறிவிட்டார்களோ, மாமியார் ஏதாவது சொல்லித் தடுத்துவிட்டாரோ, பச்சைப் பிள்ளையை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று ஊரில் யாராவது சொல்லிவிட்டார்களோ என்று தோன்றியது. பெற்றவள் என்றால் நானும் அப்படித்தான் யோசிப்பேன். பள்ளியின் கண் பரிசோதனைக்கே என் மகளை அனுப்பாமல் ஒரு நாள் லீவு போட வைத்தவள் நான். எனக்கு நானே சொன்ன காரணம், அன்று அவளுக்குச் சளி.

பதினொன்று நாற்பதுக்கு ஒரு கார் வந்து நின்றது. வழியில் டயர் பஞ்சராம். முருகேசன் இறங்கினார், சட்டையில் மரத்தூள். அவர் மனைவி ஒரு பிள்ளையோடு இறங்கினார். அந்தப் பிள்ளை அழுத அழுகையில் தெருவே திரும்பிப் பார்த்தது. கடைசியாக, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையில் துணி சுற்றிய பிள்ளையோடு செல்வராணி மெதுவாக இறங்கினார். மிகவும் சின்னப் பெண்.

நான் நேரே போய் நின்றேன். நான்தான் அந்த ஃபார்மை எழுதியவள், என் தப்பால்தான் ஐந்து நாள் போயிற்று, வெள்ளிக்கிழமையே உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. முருகேசன் ஏதோ கேட்க வாயெடுத்தார். செல்வராணி அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கையில் இருந்த பிள்ளையைத்தான் பார்த்தார். அத்தனை வெயிலில், அத்தனை சத்தத்தில், அது அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

"இவதாங்க சின்னப் பாப்பா" என்றார். "அவ வூட்டையே ரெண்டாக்குவா. இவ அழவே மாட்டா. பாலுக்குக்கூட எழுப்பணும். பாக்க வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டிருந்தேங்க, இவதான் நல்ல புள்ள, என்னைத் தொந்தரவே பண்ண மாட்டான்னு."